கழிவுநீர் வழிந்தால் யாரிடம் போவது?

வேளச்சேரியில் உங்கள் தெருவில் ஒரு வாரமாகக் கழிவுநீர் வழிகிறது, வார்டு அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அவர்கள் சொன்னது பாதி சரிதான். ஆனால் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியிடம் இல்லை. 1978 சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர்தான் பார்க்கிறது. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, உள்தெரு சாலை இவை மாநகராட்சி.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெரு நடுவில் வட்ட மூடி வழியாகப் பொங்கினால் பெரும்பாலும் சாக்கடைதான், 1916-க்கு அழையுங்கள். ஓரத்தில் நீளமாகச் சிமென்ட் பலகை போட்ட கால்வாய் என்றால் மழைநீர் வடிகால்; அதற்கு 1913. எதுவானாலும் புகார் எண்ணைக் கட்டாயம் குறித்து வையுங்கள்.

அப்புறம் அந்த எண்ணோடு உங்கள் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். மொத்தம் 200 வார்டு, வார்டுக்கு ஒருவர். சாக்கடை அவர் துறை இல்லைதான், ஆனாலும் மெட்ரோ வாட்டர் டிப்போ (அந்தப் பகுதி அலுவலகம்) பொறியாளரிடம் அவர் பேசினால் அடைப்பு எடுக்கும் லாரி சீக்கிரம் வரும். தனியாகப் போகாமல் தெருக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிப் போங்கள்.