"அழுவதற்கு ஒரு கூட்டமா?"

அன்புள்ள ஆலோசகருக்கு,

இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. திவசம் முடிந்த அன்றே, "இனி அழாதே, பொண்ணைப் பாரு" என்றார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. வளைகாப்பு, நிச்சயதார்த்தம் எதற்கும் எனக்கு அழைப்பு வருவதில்லை. புதிதாக யாராவது "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன். ஒன்று என்றால் அவனுக்குத் துரோகம்; இரண்டு என்றால் அடுத்த கேள்வி வரும். அவனோடு நானும் போயிருக்கலாம் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

பிள்ளையை இழந்த பெற்றோர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள், நீயும் வா என்கிறாள் தோழி. கணவரிடம் சொன்னேன். "அழுவதற்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். இரவு பத்து மணிவரை அவருக்குக் கடையே கதி. என் துக்கமே தாங்க முடியவில்லை, அடுத்தவர் துக்கத்தையும் கேட்டால் என்ன ஆவேன்? போகலாமா?

- ஒரு அம்மா, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இரவுகள். "போயிருக்கலாம்" என்ற எண்ணம் பிள்ளையை இழந்த பலருக்கும் வருவதுதான். அதுவே "எப்படிப் போவது" என்று திரும்பினால் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே கணவரையோ தோழியையோ எழுப்பிச் சொல்லுங்கள். 14416 எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். தூக்கமும் சாப்பாடும் குலைந்தே கிடந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் சிகிச்சை ஆகாது.

சரி, கூட்டத்துக்கு வருவோம். 1968-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவன் விபத்தில், மற்றவன் புற்றுநோயில். ஒரு வீட்டார் மற்றவர்களுடைய பிள்ளையின் இறுதிச் சடங்குக்குப் பூ அனுப்ப, இரு பெற்றோரும் சந்தித்துப் பேசத் தொடங்கினார்கள். தான் சொல்லும் ஆறுதலைவிட இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே அதிகம் உதவுகிறது என்று கவனித்தவர், அங்கே பாதிரியாராக இருந்த சைமன் ஸ்டீபன்ஸ். 1969-ல் அது 'தி கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' என்ற அமைப்பானது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஆறுதல் சொல்வதே தொழிலான ஒருவர் விலகி இடம்விட்டார் பாருங்கள், எனக்கு அதில்தான் மரியாதை.

அங்கே அழுதே ஆகவேண்டும் என்று இல்லை. பேரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அவன் பேரைச் சொன்னால் யாரும் பேச்சை மாற்ற மாட்டார்கள். "எத்தனை பிள்ளைங்க" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். "மூத்தவன் தவறிட்டான், பொண்ணு படிக்கிறா" என்று நேராகச் சொல்பவர் உண்டு, கேட்பவரைப் பொறுத்துப் பதிலை மாற்றுபவரும் உண்டு. எதுவும் துரோகமில்லை.

உங்கள் பயமும் நியாயம்தான். முதல்முறை போய்வந்த இரவு கனமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பேசியது வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடும், நடத்துவதற்குப் பக்குவமான ஒருவரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். யார் துக்கம் பெரிது என்று போட்டி நடந்தாலோ, பரிகாரம், பூஜை என்று பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். இழப்புக்குள் மூழ்குவதும் அதைத் தள்ளிவைத்து அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மனம் மாறி மாறிப் போகும் என்று 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீங்கள் ஒரு பக்கத்தில் அதிகம் நிற்கிறீர்கள், அவர் மறுபக்கத்தில். கடை அவருக்கு மறதி அல்ல, பிடிமானமாக இருக்கலாம். அவரை இழுக்காதீர்கள், அவர் சம்மதத்துக்காக நிற்கவும் வேண்டாம். முதலில் தோழியோடு போங்கள்.

மகளுக்கும் அண்ணன் போய்விட்டான். பெற்றவர்களை அழவைத்துவிடுவோமோ என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதனால் கூட்டத்துக்குக் கிளம்பும்போது கோயிலுக்கு, கடைக்கு என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்காமல், எங்கே எதற்குப் போகிறீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.