கால்வாய்க் கரையில் நடக்கச் சீட்டு எதற்கு?

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஜூன் மாதம் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். வாரநாட்களில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். நகரத்தின் நடுவே கால்வாய்க் கரையோரமாகவே நடந்து தேம்ஸ் நதியை அடையலாம் என்று படித்தேன். எங்கள் ஊர்ப் பயண முகவரிடம் விசாரித்தால், கரையில் நடக்க அனுமதிச் சீட்டு வேண்டும், வழிகாட்டி கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம் போடுவார்கள் என்கிறார். நடுவழியில் பாதையே காணாமல் போய்விடுமாம். ஆளுக்கு 95 பவுண்டு கேட்கிறார். நாங்கள் இருவரும் தனியாகப் போக முடியாதா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: தாராளமாகப் போகலாம் ஐயா. உங்கள் முகவர் மூன்று சங்கதி சொல்லியிருக்கிறார். வழிகாட்டி கட்டாயம் என்பது பொய். அனுமதிச் சீட்டு என்பது எங்கேயோ கேட்ட உண்மையை வேறு இடத்தில் ஒட்டவைத்தது. பாதை காணாமல் போகும் என்பது மட்டும் நிஜம். அந்த ஒரு நிஜத்தை வைத்துத்தான் மற்ற இரண்டையும் விற்கிறார்கள்.

நீங்கள் படித்தது ரீஜன்ட்ஸ் கால்வாயைப் பற்றியதாக இருக்கும். மேற்கே பேடிங்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லிட்டில் வெனிஸ் என்ற இடத்தில் தொடங்கி, கிழக்கே லைம்ஹவுஸ் என்ற பழைய படகுத்துறையில் தேம்ஸோடு சேர்கிறது. நீளம் 13.8 கிலோமீட்டர். 1820-இல் முழுவதுமாகத் திறந்தார்கள். அப்போது படகுக்கு இன்ஜின் ஏது? கரையில் ஒரு குதிரை கயிற்றால் இழுத்துக்கொண்டு நடக்கும். அந்தக் குதிரைத் தடம்தான் இன்றைய நடைபாதை. அன்று படகுக்காரர் சுங்கம் கட்டினார். இன்று நடப்பவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

பாதையைப் பராமரிப்பது 2012 முதல் ‘கனால் அண்டு ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை. சட்டக் கணக்கில் பார்த்தால் இப்படிப்பட்ட கால்வாய்ப் பாதைகளில் பெரும்பாலானவை ஊர்ப் பொதுவழி அல்ல. உரிமையாளர் நடக்க விட்டிருக்கிறார், நடக்கிறோம். இதற்கு மேல் இந்தச் சட்டம் உங்களுக்குத் தேவையில்லை. இந்த ‘நடக்க விட்டிருக்கிறார்’ என்பதைத்தான் சிலர் ‘அனுமதி வேண்டும்’ என்று திருப்பிவிடுகிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் திண்ணையில் எல்லாரும் உட்காரலாம் என்று விட்டிருக்கிறார். நடுவில் ஒருவர் வந்து திண்ணைக்கு டிக்கெட் கிழிக்கிறார். கதை அவ்வளவுதான்.

இனி, பாதை காணாமல் போகும் விவகாரம். தொடக்கத்திலேயே ஓர் இடம். லிட்டில் வெனிஸில் அகலமான நீர்ப்பரப்பைப் பார்த்துவிட்டு ஆசையோடு கிழக்கே திரும்பினால், கரைப்பாதையை மறித்து ஒரு கதவு பூட்டியிருக்கும். அது படகிலேயே குடியிருப்பவர்களின் வாசல். முதன்முறை போனபோது நானும் அதன் முன்னால் நின்று முழித்திருக்கிறேன். பதற வேண்டாம். கால்வாயை ஒட்டியே ப்ளோம்ஃபீல்டு ரோடு போகிறது; அதன் நடைமேடையில் நடந்தால் தண்ணீர் கண்ணை விட்டு மறையாது. சாலை முடியும் இடத்தில் கால்வாய் மைடா ஹில் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். 249 மீட்டர்தான், ஆனால் உள்ளே நடைபாதை கிடையாது. எட்ஜ்வேர் ரோட்டைக் கடந்து, நேர் எதிரே அபர்டீன் பிளேஸ் வழியாகப் போனால் கால்வாய் மறுபடி கிடைத்துவிடும்.

இரண்டாவது இடம்தான் ஆட்களைத் திகைக்கவைப்பது. கிங்ஸ் கிராஸைத் தாண்டியதும் வரும் இஸ்லிங்டன் சுரங்கம், 878 மீட்டர். இதிலும் நடைபாதை இல்லை. அந்தக் காலத்தில் படகுக்காரர்கள் பலகையில் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள். குதிரையை அவிழ்த்து, மேட்டின் மேல் ஊருக்குள் நடத்திக்கொண்டு போய், மறு வாயிலில் கட்டினார்கள். நீங்களும் அந்தக் குதிரை போன வழியே போக வேண்டும். சுரங்க வாயிலுக்கு முன்னால் சரிவில் ஏறி மியூரியல் தெரு, அங்கிருந்து சாப்பல் மார்க்கெட் என்ற கடைத்தெரு, ஏஞ்சல் சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகே பெரிய சாலையைக் கடந்து டங்கன் தெரு, அதன் கோடியில் கால்வாய். வழி காட்டும் அடையாளங்கள் தரையிலேயே பதித்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கடைத்தெருவில் சாமான் பெட்டிகளும் கூட்டமும் தரையை மறைத்துக்கொண்டிருக்கும். தரையில் பதித்த அடையாளத்தைக் கூட்டத்துக்குக் காலடியில் வைக்க வேண்டும் என்று எந்த அதிகாரிக்குத் தோன்றியதோ! சந்தேகம் வந்தால் எதிரே வருகிறவரிடம் ‘கனால்?’ என்று கேளுங்கள், கை காட்டிவிடுவார்.

பாதை மறையும் பெரிய இடங்கள் கால்வாயில் இந்த இரண்டே. இவற்றுக்காக 190 பவுண்டா?

முழங்காலுக்கு வருவோம். ஒரே நாளில் முழுவதும் நடக்காதீர்கள். மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் லிட்டில் வெனிஸிலிருந்து கேம்டன் வரை, சுமார் 4 கிலோமீட்டர். இந்தத் துண்டு கிட்டத்தட்ட சமதளம். கேம்டனுக்குப் பிறகு பன்னிரண்டு ‘லாக்’ வருகின்றன; படகை மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக இறக்கும் இரட்டைக் கதவு மதகுகள் அவை. கடைசி வரை மொத்த இறக்கம் ஏறக்குறைய 26 மீட்டர். ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே நடப்பதுதான் முழங்காலுக்கு நல்லது. கேம்டனுக்குப் பிறகு கரையில் மெல்ல இறக்கம், ஒவ்வொரு லாக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சரிவு. பல இடங்களில் தரை சிமெண்ட் பலகை. செயின்ட் ஜான்ஸ் வுட் முதல் சிட்டி ரோடு வரை அந்தப் பலகைகளுக்கு அடியில் 400 கிலோவோல்ட் மின்வடங்கள் போகின்றன, கால்வாய்த் தண்ணீரை ஓடவிட்டு அவற்றைக் குளிரவைக்கிறார்கள்! நடப்பவருக்கு இதனால் ஒன்றுமில்லை. சாலையிலிருந்து கரைக்கு இறங்கும் இடங்கள் சில படிகள், சில சரிவுகள். படி கண்டால் இறங்காமல் அடுத்த பாலம் வரை போய்ப் பாருங்கள்.

முதல் நாள் நடையில் ரீஜன்ட்ஸ் பூங்காவை ஒட்டி மேக்கிள்ஸ்ஃபீல்டு பாலம் வரும். அங்கே நின்று தூண்களைத் தடவிப் பாருங்கள். 1874 அக்டோபர் 2 அன்று விடியற்காலையில், வெடிமருந்து ஏற்றிய ஒரு படகு அடியில் வெடித்து அந்தப் பாலம் தூள்தூளானது. இரும்புத் தூண்கள் மட்டும் தப்பின. மீண்டும் நட்டபோது அவற்றைத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஆகவே குதிரைக் கயிறு உரசிய பள்ளங்கள் தூணின் இரு பக்கமும் தெரியும்: வெடிப்புக்கு முந்தையவை ஒரு பக்கம், பிந்தையவை மறுபக்கம். வழிகாட்டியோடு போனால் இதையும் சொல்லுவார். ஆனால் விரலை வைத்துப் பார்க்க உங்களுக்கு நேரம் விடமாட்டார், அடுத்த குழு காத்திருக்கும்.

இரண்டாம் நாள் கேம்டனிலிருந்து ஏஞ்சல் வரை. தெம்பு இருந்தால் விக்டோரியா பூங்கா வரை. மூன்றாம் நாள் மைல் எண்டிலிருந்து லைம்ஹவுஸ், பிறகு நதிக்கரை வழியாக டவர் பிரிட்ஜ். வழியில் களைத்துவிட்டால் அருகில் ஏறுவதற்குப் பேடிங்டன், கேம்டன் டவுன், கிங்ஸ் கிராஸ், ஏஞ்சல், மைல் எண்டு, லைம்ஹவுஸ் நிலையங்கள் இருக்கின்றன. பேடிங்டனிலும் கிங்ஸ் கிராஸிலும் கழிப்பறை இலவசம். 2019-இல்தான் அந்தக் கட்டணத்தை எடுத்தார்கள். கரையில் கழிப்பறை தேடி அலையாமல், கிளம்பும்போதே போய்விட்டு வாருங்கள். வயதானவர்கள் ஒரு நடையைப் பாதியில் விடுவதற்குக் கால் வலியைவிட இதுதான் காரணம். எந்தச் சுற்றுலாக் கையேடும் இதை எழுதாது.

இடைத்தரகர்கள் முகவர் மட்டுமல்ல. ‘முதியோர் பயண அட்டை வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார். 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான இலவசப் பயண அட்டை லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். மகளைப் பார்க்க வந்தவர்களுக்குக் கிடையாது. பணத்தையும் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தொடாமலே காசு எடுக்கும் வசதி கொண்ட வங்கி அட்டையை வாயிலில் காட்டினாலே ரயிலிலும் பஸ்ஸிலும் ஆய்ஸ்டர் அட்டைக்கு (லண்டன் போக்குவரத்துக்கென்று முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் அட்டை) உரிய அதே கட்டணம்தான். நம் ஊர் வங்கி, அயல்நாட்டுச் செலவுக்கென்று தனியாகப் பிடிக்கும் தொகையை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். அடுத்து, ‘இலவச நடைச் சுற்றுலா’. முடிவில் தொப்பி நீளும். இலவசம் என்று சொல்லிக் கூட்டிப்போய் எதிர்பார்ப்போடு கண்ணைப் பார்ப்பதற்கு, முதலிலேயே விலையைச் சொல்கிறவர் எவ்வளவோ மேல். இன்னொருவர் உங்கள் பேச்சையே கேட்காமல் தட்டிப் பறிப்பவர்: மின்சைக்கிளில் வந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். வழி பார்க்க வேண்டுமானால் சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள். அதைவிட, மகளிடம் சொல்லி வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரைப்பாதையில் சைக்கிளும் போகும். விதிப்படி நடப்பவருக்கே முன்னுரிமை. அந்த விதியைப் படித்த சைக்கிள்காரர்கள் குறைவு, எனவே மணி கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். ஒதுங்கும்போது தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், விளிம்பில் கம்பி இருக்காது.

இப்போது அந்த அனுமதி விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முகவரின் புளுகு இங்கிருந்துதான் புறப்பட்டது. மூன்றாம் நாள் லைம்ஹவுஸிலிருந்து வாப்பிங் என்ற நதிக்கரைப் பகுதி வழியாக வரும்போது, வீடுகளுக்கு நடுவே குறுகலான பழைய படித்துறைகள் நதிக்கு இறங்கும். தேம்ஸ் இங்கே கடல் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும், வித்தியாசம் 7 மீட்டர் வரை போகும். வற்றியிருக்கும்போது சேறும் கூழாங்கல்லுமாய் ஒரு கரை தெரியும். அதில் பழைய களிமண் புகைக்குழாய், ஆணி, ஓட்டுச் சில்லு கிடக்கும். அவற்றைத் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். தோண்டினால்தான் என்றில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு பொறுக்கினாலும் வேண்டும். உரிமம் வைத்திருப்பவர்கூட 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் தெரிவித்தாக வேண்டும். புதிதாக உரிமம் கேட்பவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல். ஆகவே ‘கரை அனுமதி உடனே வாங்கித் தருகிறேன்’ என்று உங்கள் ஊரில் உட்கார்ந்து ஒருவர் சொன்னால், அவர் வாங்கித் தருவது எதை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேலே பாதையில் நடப்பவர்கள், உங்களுக்கு இந்த உரிமம் தேவையே இல்லை. பேரனுக்கு ஒரு கூழாங்கல் என்று படியில் மட்டும் இறங்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அந்தப் படிகள் பாசி பிடித்தவை, முழங்கால் வலிக்காரர் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கினால் திரும்பும் படி எது என்றே தெரியாமல் போகும்.

அந்த நதிக்கரைத் துண்டு தேம்ஸ் பாதை என்ற தேசிய நடைவழியின் பகுதி, 1996-இல் திறந்தது. ஓக் மரக் கொட்டையின் படம் போட்ட பலகைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பெயர்தான் நதிப்பாதை, வாப்பிங்கில் பாதி நேரம் நதி கண்ணிலேயே படாது. பழைய கிடங்குகளைக் குடியிருப்புகளாக்கி விற்றிருக்கிறார்கள். அவற்றின் முற்றம் வழியாகப் போகும் பொதுவழிகளில் சில, பொழுது சாய்ந்ததும் கதவடைத்துவிடும். யாருடைய நதி, யார் பூட்டுவது என்று கேட்டால் பலகையில் நிர்வாக நிறுவனத்தின் தொலைபேசி எண் இருக்கும். ஜூன் மாதம் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்று மயங்கி மாலையில் கிளம்பாமல், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

முன்பணம் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதில் ‘கரை அனுமதி’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதை வழங்கும் அலுவலகம் எது, கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.