நம்ம ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு? பழைய சின்ன கார்கள்: கேள்வி பதில்

மாருதி 800, ஆல்டோ, ஜென், பழைய சான்ட்ரோ, இண்டிகா வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் ஹீட்டரைப் பற்றியும் காற்று வரும் வழியைப் பற்றியும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஹீட்டருக்கென்று இந்தக் கார்களில் தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றிச் சூடான தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதைத்தான் ஹீட்டர் காயில் என்கிறோம். புளோயர், அதாவது காற்றைத் தள்ளும் ஃபேன், அதன் காற்று இந்தக் காயில் ஊடே வந்தால் சூடாக வரும். அதனால் ஹீட்டரில் கோளாறு என்றால் பாதி நேரம் அது எஞ்சின் கூலிங்கில் இருக்கும் கோளாறுதான்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சார், என் 800-ல் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிட்டார் மெக்கானிக். "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

ஏன் கழற்றினார் என்று முதலில் கேளுங்கள். காயில் ஒழுகியிருக்கும், இல்லையென்றால் ஹீட்டர் மூடாமல் வெயில் காலத்தில் அனல் வந்திருக்கும். ஒழுகிய காயிலை மாற்றக் கையில் பணம் வரும்வரை இப்படி ஓட்டுவது தப்பில்லை. ஹோஸை அடைக்காமல் சேர்த்துவிட்டது நல்லது, சில எஞ்சின்களில் அந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிப் பனியைத் துடைக்க உங்களுக்கு வெதுவெதுப்பான காற்று வேண்டும். எஞ்சின் கொதிக்கும்போது முதலுதவியும் அதுதான். அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

லாஸ்பேட்டையிலிருந்து: மே மாதம், டேஷ்போர்டில் சூடு, குளிர்ச்சி மாற்றும் கம்பியைக் குளிர்ச்சிப் பக்கமே வைத்திருக்கிறேன். வென்ட்டில் அடுப்படிக் காற்று வருகிறது.

கம்பி குளிர்ச்சிப் பக்கம் இருக்கிறது என்பதற்காக உள்ளே வால்வு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கம்பியிலிருந்து ஒரு கேபிள் போகிறது. சில கார்களில் அது தண்ணீர் வால்வை மூடும், சிலவற்றில் காற்றைத் திருப்பும் தட்டியை நகர்த்தும். கேபிளைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப் கழன்றாலோ, நம் கடற்காற்றில் கேபிள் துருப்பிடித்து இறுகினாலோ கம்பி மட்டும் நகரும், வால்வு அசையாது. ஒருவரைக் கம்பியை நகர்த்தச் சொல்லி, டார்ச் அடித்து மறுமுனையைப் பாருங்கள். வால்வின் கை முழுசாகத் திரும்பவில்லையானால் கிளிப்பைத் தளர்த்தி, கேபிளைச் சரியாக இழுத்து மாட்டினால் போதும். காரணம் இதுவாகவே இருக்கும்போது ஏ.சி. காஸ் அடித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. காஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

வில்லியனூரிலிருந்து: ஊட்டி போகிறோம் அண்ணே, ஜனவரியில். கைக்குழந்தை இருக்கிறது. ஹீட்டர் போட்டுப் பார்த்தால் வெறும் வெதுவெதுப்புதான். என்ன பார்க்க வேண்டும்?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை உறைபனியே விழும். இதைக் கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே பானெட்டைத் திறந்து, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் நிரப்புங்கள், ஏன் குறைந்தது என்றும் தேடுங்கள். பிறகு வண்டியை ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினிலிருந்து டேஷ்போர்டு பக்கம் போகும் இரண்டு ஹோஸையும் தொடுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. சட்டென்று தொட்டு எடுங்கள், கை சுடும்.

இரண்டும் நன்றாகச் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது. குறை காற்றைத் திருப்பும் தட்டியில். ஒன்று சுட்டு, மற்றது ஆறிப்போயிருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது காயில் அடைத்திருக்கிறது. இங்கே அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். கடலோர போர் தண்ணீரை வருடக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பும் துருவும் சேர்ந்து அந்த மெல்லிய குழாய்களில் படிந்துவிடும். இரண்டு ஹோஸையும் கழற்றி, மெதுவான அழுத்தத்தில், வழக்கமாகத் தண்ணீர் போகும் திசைக்கு எதிர்த் திசையில் விட்டால் செங்கல் நிறத்தில் சேறு வரும். தெளிந்து வரும்வரை விடுங்கள். அதன்பின் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. போர் தண்ணீர் இனி வேண்டாம்.

இரண்டு ஹோஸுமே வெதுவெதுப்பாக இருந்தால்? அப்போது தெர்மோஸ்டாட் வால்வைக் கேளுங்கள். நம் பக்கம் எத்தனையோ பழைய கார்களில் அது இருக்கவே இருக்காது. "வால்வைக் கழற்றிவிட்டால் ஹீட் ஆகாது" என்று யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள். எனக்கு மனசு பொறுக்காத வேலை இது. அந்த வால்வு ஏறக்குறைய 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறந்து, எஞ்சினை வேலை செய்யும் சூட்டில் வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் சூடேறாமலே ஓடும். பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். மலைக் குளிரிலோ ஹீட்டருக்குக் கொடுக்கச் சூடே மிஞ்சாது. புது வால்வு போடுங்கள். போட்டபின் ஏர்லாக் இல்லாமல் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள், உள்ளே காற்று நின்றாலும் ஹீட்டர் சூடாகாது.

முருங்கப்பாக்கத்திலிருந்து: சிக்னலில் ஹீட் முள் ஏறும்போது ஹீட்டரைப் போடச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். எஞ்சின் சூடு கொஞ்சம் அந்தக் காயில் வழியாக வெளியேறும். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஓரங்கட்டும்வரை தாக்குப்பிடிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், காயிலுக்குத் தண்ணீர் வரவில்லை. பெரும்பாலும் தண்ணீரே இல்லை. அந்த நொடியே எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் நிற்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: புளோயர் நாலாம் வேகத்தில் மட்டும் ஓடுகிறது.

ரெசிஸ்டர் போய்விட்டது. முழு வேகத்துக்கு மின்சாரம் நேராகப் போகும், மற்ற வேகங்களுக்கு மட்டும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். சின்ன சாமான்தான். மாற்றும்போது அதன் கனெக்டர் உருகியிருக்கிறதா, மோட்டார் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறதா பாருங்கள். வேப்பிலை சிக்கி இறுகிய மோட்டார் புது ரெசிஸ்டரையும் எரித்துவிடும். ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் எரியும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அண்ணா, தினமும் பாண்டிக்கு வேலைக்குப் போகிறேன். மழையில் முன் கண்ணாடி வெள்ளையாக மூடிவிடுகிறது. ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டியரிங்.

துணியை வைத்துவிடுங்கள் தங்கச்சி, ஓட்டிக்கொண்டே துடைப்பது ஆபத்து. வண்டி நிற்கும்போது விரலால் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் பனி உள்ளே. நனைந்த குடை, ஈரத் துணி, மூச்சு எல்லாம் சேர்ந்த ஈரம் அது. காற்றுக் கம்பியை வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நிறையப் பேர் புழுதிக்குப் பயந்து அதை வருடம் முழுக்க உள்காற்றிலேயே வைத்திருக்கிறார்கள், மழையில் அதுதான் வினை. ஏ.சி.யைப் போட்டு, சூட்டையும் கொஞ்சம் கூட்டி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சும், சூடு கண்ணாடியை உலர்த்தும். ஏ.சி. இல்லாத வண்டியானால் ஹீட்டரோடு பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்குங்கள்.

கோடு விழவில்லையானால் பனி வெளியே. ஏ.சி. குளிர் முன் கண்ணாடியில் படுவதால் வருவது. வைப்பரை ஒரு தடவை போட்டு, அந்தக் காற்றை வேறு பக்கம் திருப்புங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: முன் சீட்டுக் காலடியில் பாய் நனைந்தே கிடக்கிறது.

தொட்டு முகர்ந்து பாருங்கள். வாசனையில்லாத சுத்தத் தண்ணீர், அதுவும் ஏ.சி. ஓடிய நாளில் மட்டும் என்றால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் என்றால் வைப்பருக்குக் கீழே இருக்கும் தொட்டியில் இலை அடைத்திருக்கும். பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு, கண்ணாடியிலும் எண்ணெய் மாதிரி படலம் வந்தால் அது கூலன்ட். காயில் ஒழுகுகிறது. கூலன்ட் விஷம். நாயோ பூனையோ நக்கிவிடாமல் துடையுங்கள், குழந்தையை அதில் கால் வைக்க விடாதீர்கள்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து: 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் வண்டி சீட் வரை மூழ்கியது. அதிலிருந்து புளோயர் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்.

தண்ணீர் வடிந்தாலும் கனெக்டருக்குள் ஈரம் தங்கி, பின்கள் பச்சை பூத்திருக்கும். புளோயர், ரெசிஸ்டர், சுவிட்ச் மூன்றின் கனெக்டரையும் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். டேஷ்போர்டைத் தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டார் பிரஷ்ஷும் தேய்ந்திருக்கும்.

அரியாங்குப்பத்திலிருந்து: நின்றால் வென்ட்டில் புகை வாசனை வருகிறது. டாக்ஸி ஓட்டுகிறேன், சில நாள் ஏ.சி. போட்டு வண்டியிலேயே தூங்குவேன்.

அண்ணே, இன்றைக்கே அந்தப் பழக்கத்தை விடுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். வாசனை தெரிவது உங்கள் அதிர்ஷ்டம். சைலன்சர் குழாய், எஞ்சினோடு சேரும் இடத்து கேஸ்கெட், பின் டிக்கி ரப்பர், பானெட்டின் பின்விளிம்பு ரப்பர் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பானெட் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் பக்கப் புகையை வைப்பர் அருகில் இருக்கும் காற்று வாய் இழுத்துவிடும். சரிசெய்யும்வரை கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். சரிசெய்த பிறகும் எஞ்சின் ஓட, கண்ணாடியை ஏற்றித் தூங்க வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: வென்ட்டிலிருந்து கறுப்புத் தூள் பறக்கிறது.

உள்ளே காற்றுத் தட்டிகளில் ஒட்டிய ஃபோம் நைந்து உதிர்கிறது. டேஷ்போர்டைப் பிரித்து புது ஃபோம் ஒட்டுவதுதான் முழுத் தீர்வு. வேறு வேலைக்காக டேஷ்போர்டு பிரிக்கும் நாளில் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள், கூலி மிச்சம். அதுவரை தூள் முகத்துக்கு வராமல் நடு வென்ட்டைக் கீழே திருப்பி வையுங்கள்.