விளம்பரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,260: இந்த மனையை வாங்கலாமா?

கேள்வி: திருச்சி புறநகரில் ஒரு காலி மனை பார்த்திருக்கிறேன். இணைய விளம்பரத்தில் ‘40க்கு 60, மொத்தம் 2,400 சதுர அடி, டிடிசிபி அப்ரூவ்டு, 30 அடி ரோடு’ என்று போட்டிருந்தார்கள். பட்டாவில் 0.02.10 ஹெக்டேர்தான் இருக்கிறது. ரோடும் 30 அடி இருக்கும் என்று தோன்றவில்லை. கேட்டால் புரோக்கர், “அதெல்லாம் பத்திரத்துல சரி பண்ணிக்கலாம்” என்கிறார். உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில், டோக்கன் கொடுக்காதீர்கள். மனையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. விலை, அளவு இரண்டும் ஒரு தாளில் சேர்ந்து எழுதப்படும்வரை பணம் கைமாற வேண்டாம். பணம் போய்விட்டால் பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் “அட்வான்ஸ் வாங்கியாச்சே, இப்போ போய்...” என்றுதான் பதில் வரும்.

‘பத்திரத்துல சரி பண்ணிக்கலாம்’ என்ற பேச்சைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்க்கிறேன். பத்திரத்தில் 2,400 என்று எழுதிவிட்டால் தரையில் 140 சதுர அடி முளைக்காது. சார்பதிவாளர் வந்து மனையை அளந்து பார்ப்பதில்லை. எழுதிக் கொண்டுபோனதைப் பதிவு செய்கிறார். இல்லாத நிலத்துக்கும் சேர்த்து விலை கொடுத்து, அதன்மேல் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டியிருப்பீர்கள். பின்னால் பக்கத்து மனைக்காரரோடு தகராறு வந்தால், பரப்புக்கும் நான்கெல்லைக்கும் முரண் இருக்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ‘பத்திரத்தில் 2,400 போட்டிருக்கிறதே’ என்பது அங்கே பெரிதாக நிற்காது.

இனி அளவுக்கு வருவோம். 0.02.10 ஹெக்டேர் என்றால் 2.10 ஏர், அதாவது 210 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, பெருக்கினால் 2,260. சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே வித்தியாசம் 2 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் இதற்காக உடனே விற்பவரைப் பொய்யர் என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய பத்திரத்தில் இருந்ததை அப்படியே அடுத்த பத்திரத்தில் எழுதி, அதை விற்பவர் புரோக்கரிடம் சொல்லி, புரோக்கர் விளம்பரத்தில் போட்டிருப்பார். நடுவில் யாரும் டேப் பிடித்திருக்க மாட்டார்கள்.

வித்தியாசம் வரச் சில வழக்கமான காரணங்கள் உண்டு. முன்னால் உள்ள பாதையின் பாதியைச் சேர்த்துக் கணக்குச் சொல்வது ஒன்று. பக்கத்து மனையின் சுவர் உள்ளே தள்ளி வந்திருப்பது இன்னொன்று. பட்டாவில் உட்பிரிவு செய்யும்போதே தவறு நேர்ந்திருக்கலாம். அப்படியானால் குறை பட்டாவில்தான், மனையில் இல்லை. ஆனால் உங்கள் எண்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது வேறு: மனை கோணலாக இருக்கலாம். 40க்கு 60 என்றால் 2,400 என்பது நான்கு மூலையும் மட்டமாக, 90 பாகையில் இருந்தால் மட்டுமே. மூலை 70 பாகைக்குச் சாய்ந்திருந்தால், நான்கு பக்கமும் டேப்பில் 40, 60, 40, 60 என்றே காட்டும். பரப்பு மட்டும் 2,255க்கு இறங்கிவிடும். உங்கள் பட்டா அளவு ஏறக்குறைய அதேதான்.

இதைக் கண்டுபிடிக்க சர்வேயர்கூட வேண்டாம். நீளமான டேப் ஒன்றும் துணைக்கு ஓர் ஆளும் போதும். நான்கு பக்கத்தை அளந்தபின் மனைக்கல்லிலிருந்து எதிர்மூலை மனைக்கல்லுக்குக் குறுக்களவு எடுங்கள், இரண்டு குறுக்கும். மட்டமான 40க்கு 60 மனையில் இரண்டுமே 72 அடி 1 அங்குலம் வரும். ஒன்று 60க்குக் கீழேயும் மற்றது 83க்குப் பக்கத்திலும் வந்தால் நான் சொன்ன கோணல்தான். என் தங்கைக்கு மனை பார்த்தபோது நாங்கள் செய்தது இதைத்தான். விற்பவர் பக்கத்தில் நின்று பார்த்ததால் வாக்குவாதமே எழவில்லை; அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கோணல் மனையில் பரப்பு குறைவது மட்டுமல்ல, சுற்றிலும் காலியிடம் விட்டுக் கட்டும்போது வீட்டின் அறைகளும் கோணலாகும், அல்லது மூலைகள் வீணாகும். எனவே சதுர அடி விலையிலேயே கொஞ்சம் குறைத்துக் கேட்பது நியாயம்.

நீங்கள் அளந்தது உங்களுக்கான தெளிவு. பேரத்துக்கு அரசு சர்வேயர் வந்து அத்து காட்ட, அதாவது எல்லைகளை அளந்து காட்ட வேண்டும். அதற்கு மனு போட வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். இணையத்திலேயே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், பொதுச் சேவை மையத்திலும் முடியும். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் போகும் என்பதால், எல்லைத் தகராறு ஏதாவது இருந்தால் அன்றைக்கே வெளியே வரும். விற்பவரிடம் பணிவாக இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, நாம பேசி முடிச்ச சதுர அடி விலைக்கு நான் ஒத்துக்கறேன். அத்து காட்டி எவ்வளவு வருதோ அதுக்குச் சதுர அடிக் கணக்குல போட்டுக்குவோம். அளக்கிற செலவையும் நானே குடுத்துடறேன்.” நேர்மையானவர் இதற்கு மறுக்கக் காரணமே இல்லை. கூடுதலாக வந்தால் அவருக்குத்தானே லாபம்! இதற்கும் ‘மொத்தமா இவ்வளவுதான், அளக்கறதெல்லாம் வேண்டாம்’ என்றால் வேறு மனை பாருங்கள்.

ரோடு விஷயத்தை, அங்கீகாரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டிடிசிபி என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம். ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்ற இரண்டு சொல்லை நம்பாதீர்கள்; அங்கீகார எண்ணையும் முத்திரையிட்ட லேஅவுட் வரைபடத்தின் நகலையும் கேளுங்கள். அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண், நான்கு பக்க அளவுகள், முன்னால் உள்ள சாலையின் அகலம் எல்லாம் இருக்கும். வரைபடத்தில் 30 அடி, தரையில் 22 அடி என்றால் யாரோ ஆக்கிரமித்திருக்கிறார்கள். உள்ளாட்சியில் முறையிட வழி உண்டு. வரைபடத்திலேயே 23 அடி என்றால் விளம்பரம்தான் தவறு, அது ஒருபோதும் 30 ஆகாது. சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மனையாக விற்ற கதைகளும் இருப்பதால், மனை எண்ணை வரைபடத்தில் கண்ணால் பார்ப்பது அவசியம்.

இதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் தடை வந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவானவற்றை மறுபடி விற்கலாம். ஆகவே ‘ரிஜிஸ்டர் ஆகுது சார், அப்போ அப்ரூவ்டுதானே’ என்பது தவறு. பதிவாகும், வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் 2017 விதிகளின்படி வரன்முறை (அங்கீகாரமில்லாத மனையைப் பின்னால் முறைப்படுத்துவது) செய்திருக்கிறதா என்ற கேள்வி வரும். வரன்முறை செய்த மனை சட்டப்படி செல்லும், அதை வாங்குவதில் தவறில்லை. அது ‘டிடிசிபி அப்ரூவ்டு லேஅவுட்’ என்று விலை வைக்கப்படுவதுதான் தவறு. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று காட்டினால் அதை ஓர் ஆவணமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். லேஅவுட்டுக்கு ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்குத் தனியாக அதிகாரம் கிடையாது.

சட்டம் உங்களைக் காப்பாற்றுமா? யார் விற்கிறார் என்பதைப் பொறுத்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்கும் புரமோட்டர் என்றால் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, பொருந்தும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர், 12ஆவது பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. ஆனால் தனியாள் ஒருவர் தன் ஒற்றை மனையை மறுவிற்பனை செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நுகர்வோர் ஆணையமும் வெறும் மனை விற்பனையைச் சேவையாகக் கொள்வதில்லை. மிஞ்சுவது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 19ஆவது பிரிவு, தவறான தகவலால் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய உரிமை தருகிறது. கூடவே, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறது. உங்கள் கையில் பட்டா ஏற்கெனவே இருக்கிறது. வித்தியாசம் தெரிந்தும் வாங்கினால், பிறகு ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நிற்பது மிகக் கடினம்.

எனவே உங்கள் காவல் கிரய ஒப்பந்தம்தான். விளம்பரத்தில் உங்களை ஈர்த்த ஒவ்வொரு வரியையும் அதில் விற்பவரின் உறுதிமொழியாக எழுதச் சொல்லுங்கள்: அங்கீகார எண், சாலை அகலம், வில்லங்கம் இல்லை என்பது. ‘சற்றேறக்குறைய’, ‘கூடுதல் குறைவு உள்பட’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, ‘அத்து காட்டி வரும் பரப்புக்குச் சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய்’ என்று போடுங்கள். விவரம் ஏதாவது தவறாக இருந்தால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரியும் வேண்டும். பிறகு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் தேதியோடு இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் விளம்பரம் மாறிவிடக்கூடும். 30 வருட ஈசி (வில்லங்கச் சான்று), தாய்ப்பத்திரம், வக்கீல் கருத்து எல்லாம் வழக்கம்போல.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: எண் எழுதுவதில் நேர்ந்த பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம், ஆனால் விற்றவர் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

உங்கள் மனையின் நான்கு பக்கத்தையும் இரண்டு குறுக்கையும் அளந்துவிட்டுக் கருத்துப் பகுதியில் போடுங்கள். சர்வே எண்ணோ பெயரோ வேண்டாம், அளவுகள் மட்டும் போதும். பரப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.