ரப்பரை மாற்றினால் அது கண்டுபிடிப்பா?

கேள்வி: கோவையில் பம்புகளுக்கு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) செய்கிறேன். சுடுநீர் பம்பில் நைட்ரைல் ரப்பருக்குப் பதிலாக இபிடிஎம் என்ற வேறு வகை ரப்பர் போட்டதற்கு ஒருவர் காப்புரிமை வாங்கி, எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். முப்பது வருட அனுபவமுள்ள ரப்பர் நிபுணர் ஒருவர், "இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்" என்று எழுதித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. குறுக்கு விசாரணையில், "முப்பது வருடம் பார்த்த உங்களுக்குத் தெரியும், ரப்பர் கலவை தயாரிக்கும் சாதாரண காம்பவுண்டருக்கு?" என்று கேட்டால் அந்த ஒரு வரி நிற்காது. சட்டம் பார்ப்பது துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவரை, அதுவும் காப்புரிமையின் முன்னுரிமைத் தேதியன்று, அதாவது அதற்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளன்று. இன்றைய அறிவை அன்றைக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

பொருளை மாற்றுவது பழைய சண்டை. கதவுக் குமிழை மரத்துக்குப் பதில் களிமண்ணில் செய்ததெல்லாம் கண்டுபிடிப்பு இல்லை என்று 1851-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதே நீதிமன்றம் 1876-இல், பல்செட் தட்டை வல்கனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்ததற்கான காப்புரிமையை ஏற்றது. அங்கே கிடைத்த பலனே புதிது. அந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதும் இதே கேள்விதான்: வெறும் பொருள் மாற்றமா, புதிய பலனா?

இபிடிஎம் வெந்நீருக்கும் நீராவிக்கும் நன்றாகத் தாங்கும் என்பது பாடப்புத்தக விஷயம். சீல் தண்ணீரை மட்டும் தொட்டால் உங்கள் கை ஓங்கும். ஒரு பக்கம் மோட்டார் ஆயில் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள். சூடான மினரல் ஆயிலில் இரண்டு துண்டையும் ஊறப் போட்டால் இபிடிஎம் உப்பிவிடும், நைட்ரைல் பெரிதாக மாறாது. ஆயில் படும் இடத்தில் இபிடிஎம் போடாதே என்றுதான் புத்தகங்கள் சொல்லும். அதை மீறி அவர் வேலை செய்ய வைத்திருந்தால், அந்தக் காப்புரிமையை உடைப்பது கஷ்டம்.

நிபுணரின் பிரமாணப் பத்திரத்தில் முன்னுரிமைத் தேதிக்கு முந்தைய நூல், கேட்டலாக், தரநிலை எல்லாம் இணைப்பாக வரட்டும். எதைப் படித்தவர், எந்தக் காரணத்தால் இபிடிஎம் பக்கம் போவார், பலன் கிடைக்கும் என்று ஏன் நம்புவார் என்று படிப்படியாக எழுதட்டும். உரிமைகோரலில் கம்ப்ரெஷன் செட் எண் (அழுத்தத்தை எடுத்த பிறகும் ரப்பர் எவ்வளவு நசுங்கியே இருக்கிறது என்ற அளவு) இருந்தால், பழைய ஆவணத்திலுள்ள அதே ஃபார்முலாவில் காம்பவுண்ட் கலந்து சோதியுங்கள். ரப்பரைப் பதப்படுத்துவது கந்தகமா, பெராக்சைடா என்பதிலேயே அந்த எண் மாறும். உங்கள் இன்றைய பேட்ச்சைச் சோதித்து எந்தப் பிரயோசனமும் இல்லை.

அப்புறம், காப்புரிமை வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியாகி ஓராண்டு ஆகவில்லை என்றால் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு போடலாம். அது தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. அவர் வழக்கே போட்டுவிட்டாலும், காப்புரிமை செல்லாது என்பதை எதிர்வாதமாக வைக்கச் சட்டத்தில் இடமுண்டு.