சர்டிபிகேட்டில் தோல் தெரியாது

கேள்வி: பேட்டைப் பக்கம் சின்னதாக ஷீட் மெட்டல் பட்டறை வைத்திருக்கிறேன். 1.6 மி.மீ. கனத்தில் 980 கிரேடு ஷீட் வாங்கி பிராக்கெட் வளைத்துக் கொடுக்கிறோம். பழைய லாட் சுத்தமாக வளைந்தது. புது லாட்டில் பத்துக்கு மூன்று, வளைவின் வெளிப்பக்கம் கீறல் விடுகிறது. டெஸ்ட் சர்டிபிகேட்டில் கார்பனும் ஸ்ட்ரெங்த்தும் இரண்டு லாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் "மெஷின்தான் கோளாறு" என்கிறார். நம்பலாமா?

பதில்: அண்ணாச்சி, அதே மெஷின், அதே டை, பழைய லாட்டை மிச்சம் இருந்தால் இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். அது நன்றாக வளைந்தால் அவர் பேச்சு அங்கேயே முடிந்தது.

சர்டிபிகேட்டில் இருக்கும் கார்பன் கணக்கு, உருக்கிய இரும்பு மொத்தத்துக்கும் எடுத்தது. 980 என்பதும் ஷீட்டின் முழுக் கனத்தையும் இழுத்துப் பார்த்த ஸ்ட்ரெங்த் எண், மெகாபாஸ்கல் என்ற அளவில். வளைக்கும்போது பாடுபடுவதோ வெளித்தோல் மட்டும்தான்: வளைவின் உள் ரேடியஸ் 1.6 மி.மீ. என்றால் அந்தத் தோல் சுமார் 33 சதவீதம் நீள வேண்டும், நடுப்பகுதி அநேகமாக நீளுவதே இல்லை. ஆலையில் ஷீட்டைக் காய்ச்சிப் பதப்படுத்தும் உலையில் ஈரப்பதம் கொஞ்சம் கூடினால், நீராவி தோலில் உள்ள கார்பனைப் பிடித்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது முடி கனமே உள்ள, மெத்தென்ற ஒரு படலம். உள்ளே கெட்டி, வெளியே இளக்கம், அதனால் கீறல் லேசில் தொடங்காது. சில ஆலைகள் இதை வேண்டுமென்றே செய்கின்றன. உங்கள் இரண்டு லாட்டும் வேறு வேறு உலையில், வேறு ஈரப்பதத்தில் வந்திருந்தால் தோல் மாறியிருக்கும், தாளில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

ஆனால் தோல்மேல் பழி போடும் முன் சில்லறைக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். ஷீட் உருட்டிய திசைக்குக் குறுக்கே மடிப்புக் கோடு விழுகிறதா, அதே திசையிலேயே விழுகிறதா? மடிப்புக் கோடு அதே திசையில் விழுந்தால் சீக்கிரம் கீறல் விடும். வெட்டிய ஓரத்துப் பிசிர் வெளிப்பக்கம் இருந்தால் கீறல் அங்கிருந்துதான் கிளம்பும், அதை உள்பக்கமாகத் திருப்புங்கள். அப்புறம் ஒன்று, துரு என்று யாராவது பையன் கிரைண்டர் போட்டுத் தேய்க்கிறானா? நல்ல தோலையே சீவி எறிகிறான், நிறுத்தச் சொல்லுங்கள்.

அவசர ஆர்டர் என்றால் ரேடியஸை 3.2 மி.மீ. ஆக்குங்கள், நீட்சி 20 சதவீதத்துக்கு இறங்கும். மேலிருந்து அழுத்தும் பஞ்ச்சை மாற்றுவதோடு, கீழே இருக்கும் வி-டையின் (V வடிவப் பள்ளம்) அகலத்தையும் கூட்ட வேண்டும், பார்ட்டியிடமும் டிராயிங்குக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அடுத்த கொள்முதலில் வளைவுச் சோதனை ரிசல்ட் எந்த ரேடியஸில், எந்தத் திசையில் என்று எழுதிக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் ஒரு துண்டு வாங்கி, நீங்களே இரண்டு திசையிலும் வளைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த வெட்டருவாள் வாங்கினேன். முதல் வாரமே வெட்டும் வாய் மழுங்கியது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இதுவும் அதே கதை, தலைகீழாக. பட்டறை உலையில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கும்போது மேல்தோலில் கார்பன் போய்விடும். ஷீட்டுக்கு நல்லது அருவாளுக்கு ஆகாது, கார்பன் இல்லாத தோல் பதம் ஏறாது. சாணை மேலாகப் பிடித்திருந்தால் வாயில் இன்னும் அந்த இளகின தோல்தான் இருக்கும். ஆழமாக இரண்டு தடவை சாணை பிடித்து ஒரு வாழைக்கன்றை வெட்டிப் பாருங்கள். அப்போதும் மழுங்கினால் பதம் வைத்ததில்தான் பிசகு, பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.