டேக்-ஆஃப் ஆனதும் என்ஜின் கைவிட்டால்: செஸ்னா 172 (ஒற்றை என்ஜின் சிறு விமானம்) கேள்வி பதில்

கேள்வி: சார், 300 அடியில் என்ஜின் நின்றால் முதலில் என்ன செய்யணும்?

பதில்: யோக்கை (விமானியின் பிடிசக்கரம்) முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஏறும்போது மூக்கு தூக்கியிருப்பதால் வேகம் மளமளவென்று விழும். என்ன நடந்தது என்று புரியவே சில நொடி ஓடிவிடும். 172எஸ் மாடலில் வைக்க வேண்டிய சறுக்கு வேகம்: ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) இல்லாமல் 70 நாட், போட்டால் 65. நேர் எதிரே, கொஞ்சம் இடவலம் விலகி, கிடைக்கிற இடத்தில் இறக்குங்கள். நேரமிருந்தால் மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) கட், ஃப்யூவல் ஷட்-ஆஃப், இக்னிஷன் ஆஃப். மாஸ்டர் மின் ஸ்விட்சை ஃபிளாப் போட்ட பிறகே அணையுங்கள். ஃபிளாப்பை இறக்குவது மின்மோட்டார். கதவைத் தாழ் நீக்கி வையுங்கள், மோதலில் சட்டம் நெளிந்தால் திறக்க வராது.

கேள்வி: டவருக்கு மேடே (ரேடியோ அபாய அழைப்பு) சொல்லணுமா?

பதில்: கை ஓய்ந்திருந்தால்.

கேள்வி: ரன்வே பின்னாலேயே இருக்கே, திரும்பிவிட்டால் என்ன?

பதில்: 180 டிகிரி திரும்பினால் ரன்வேக்குப் பக்கவாட்டில்தான் இருப்பீர்கள். நேர்கோட்டுக்கு வர மொத்தம் 260, 270 டிகிரி ஆகிவிடும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) சுமார் 19 சதவீதம் கூடும். தரை நெருங்குகிறதே என்று யோக்கை இழுத்து ரட்டர் (வால் சுக்கான்) பெடலையும் மிதித்தால் ஸ்பின்தான், சுழன்று விழுவீர்கள், அந்த உயரத்தில் மீள முடியாது. எத்தனை அடிக்கு மேல் திரும்பலாம் என்பதைப் பயிற்றுநருடன் நல்ல உயரத்தில் பழகிப் பார்த்து, தாராளமாகக் கூட்டி வையுங்கள். ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்பும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: முழுசா நிற்காமல் திணறினால்?

பதில்: என் கணக்கில் இதுதான் மோசம். ஓடுகிற என்ஜின் ஆசை காட்டும், உயரத்தைத் தக்கவைக்க நீங்களும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போவீர்கள். அடுத்த நொடி நின்றுவிடும் என்றே நினைத்து ஓட்டுங்கள். வேகம் குறைந்தால் மூக்கு கீழே. ஏற முடிகிறதென்றால் மட்டும் மெல்லிய சாய்வில் சுற்றி வாருங்கள்.

கேள்வி: அண்ணா, 25 டிகிரி வெயிலில் கார்பரேட்டரில் (காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பாகம்) ஐஸ் பிடிக்குமா?

பதில்: கார்பரேட்டர் உள்ள பழைய 172-களில் பிடிக்கும். ஈரக்காற்று போதும், எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேலும் குளிரலாம். கார்ப் ஹீட்டை (கார்பரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) இழுத்ததும் ஐஸ் உருகி என்ஜின் இன்னும் உதறும். பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். 172எஸ் இன்ஜெக்‌ஷன் என்ஜின், அதில் கார்பரேட்டரே கிடையாது.

கேள்வி: தரையிலேயே கண்டுபிடிக்க வழி?

பதில்: எல்லா வடிகால் வால்விலும் குப்பியில் எரிபொருள் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் குமிழாக நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீரே வந்தால் கோடு தெரியாது, ஏமாந்துவிடுவீர்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். 172எஸ்ஸில் மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி, இரண்டு உண்டு) சோதனை 1800 ஆர்பிஎம்மில்: ஒன்றில் மட்டும் ஓடும்போது சரிவு 150-க்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள். நின்ற இடத்தில் முழு த்ராட்டிலில் 2300 முதல் 2400 வரை வர வேண்டும். வரவில்லையா, த்ராட்டிலை மூடி ஹேங்கருக்குத் திரும்புங்கள்.